இரண்டு மீன், ஒன்று ஆனது!

ஸ்டிக்கிள்பேக் என்று ஒரு மீன். விரல் நீளம்தான் இருக்கும். முதுகில் 3 முட்கள் உண்டு. நாம் அதை "முள் மீன்" என்று அழைப்போம்.

உலகின் வடபகுதியில், குளிர்ந்த கடல்களில் அது வாழ்கிறது. பெரிய மீன்களிடம் இருந்து தப்ப, அதன் உடம்பின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் கவசம் போல இருக்கின்றன.

சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் உருகிப் புதிய ஏரிகள் தோன்றின. கடல் முள் மீன்கள் அவற்றுக்குள் புகுந்தன. ஒரு ஏரிக்கும் மறு ஏரிக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும், ஏரிக்கு ஏரி ஒரே மாறுதல் நடந்தது: கவசம் குறைந்தது!

இது எப்படி?

2005-ம் ஆண்டில் விடை கிடைத்தது. கவசத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் "எடா" என்ற மரபணு. கவசத்தைக் குறைக்கும் "எடா", கடல் மீன்கள் சிலவற்றில் பழங்காலம் முதல் மறைந்து கிடக்கிறது. ஏரிக்கு வந்ததும் அது கை கொடுக்கிறது. பாட்டி பெட்டியில் வைத்த நகை, பேத்தியின் கல்யாணத்துக்கு உதவுவது போல!

அலாஸ்காவில் லோபர்க் ஏரி இருக்கிறது. அங்கே 1990-ல் பிடிபட்ட முள் மீன்களில் பெரும்பாலானவை முழுக் கவசம் உடையவை. 2001-ல் பார்த்தபோது, கவசம் குறைந்தவையே பெரும்பான்மை!

இந்த மாறுதல் வேகமானது. ஆனால், ஓர் இனம் இரண்டாகப் பிரிவது அப்படி அல்ல. அதற்குப் பொதுவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

கனடாவின் ஈனோஸ் ஏரியில் இரண்டு வகை முள் மீன்கள் வாழ்ந்தன. ஒன்று நடு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றது. மற்றது ஏரியின் அடியில் இரை தேடியது. ஒன்றோடு ஒன்று பெரும்பாலும் ஜோடி சேரவில்லை.

1990-களில், இறால் போன்ற கொடுக்குப் பிராணி ஒன்று அந்த ஏரிக்குள் வந்து சேர்ந்தது. அதன்பின் இரண்டு வகைகளும் கலந்து, ஒன்றாகிவிட்டன. அந்தப் பிராணியின் வரவே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கனடாவிலேயே ஹேட்லி ஏரியின் கதை இன்னும் சோகம். யாரோ கெளுத்தி வகை மீனை அதில் விட்டார்கள். அங்கே இருந்த இரண்டு வகை முள் மீன்களும் அடியோடு அழிந்தன.

இயற்கை பல ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய வீடு, சில ஆண்டுகளில் இடிந்துவிட்டது!

"ஒரு மீனை விட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று நினைக்கக்கூடாது. தொட்டியில் வளர்த்த வெளியூர் மீனை ஏரியிலோ, ஆற்றிலோ கொட்டாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

போன இனம் திரும்பி வராது!