சால்வையும் சம்பளச் சீட்டும்

சென்ற பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கண்டனூரில் எழுவர் கால்பந்துப் போட்டி நடந்தது. பரிசளிப்பு விழாவுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். கல்லூரிப் படிப்பை இரண்டே வருஷத்தோடு முடித்துக்கொண்டு கதை எழுதப் போனவன் நான். அப்படிப்பட்டவனைச் சொந்த ஊர் மேடையேற்றுகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? சந்தோஷமாகத்தான் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பேசினார். நன்றாகப் பேசக் கூடியவர். நன்கொடையும் நன்றாகக் கொடுத்திருந்தார். விளையாட்டு ஒரு தவம் என்றார். அதை வயிற்றுப் பிழைப்பாக நினைக்கிறவன் விளையாட்டுக்காரனே அல்ல என்றார். சம்பளம் கேட்கிற காலால் பந்தைத் தொடக் கூடாது என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, கூட்டத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில் என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கை தட்டவில்லை. வலது காலில் பாரத்தைப் போடாமல், இடது காலில் சாய்ந்து நின்றான். அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று.

மேடையில் நான் சம்பிரதாயமாக நாலு வார்த்தை பேசிவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். இது கோழைத்தனம் என்று வாசகர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

முதலில் என் தோழனைப் பற்றி. அவன் பெயர் வேண்டாம்; அவனுக்கே அது பிடிக்காது. பள்ளி நாளிலிருந்து அவன் ஆடியது நடுக்களம். கோல் போடுகிற இடமும் அல்ல, கோலைத் தடுக்கிற இடமும் அல்ல. எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பான், முன்னால் நிற்கிறவனுக்குக் கொடுப்பான், பந்து கைமாறியதும் திரும்ப ஓடி வருவான். ஆட்டம் முழுக்க ஓடுகிறவன் அவன்தான். ஆனால் ஆட்டம் முடிந்தபின் யாரும் தூக்கிக்கொண்டு ஆடுவது அவனை அல்ல.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேரேட்டில் வரவும் இருக்கும், செலவும் இருக்கும். ஆனால் ராத்திரியெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு அந்த ஐந்தொகையை நேராக்கிய கணக்கப்பிள்ளையின் பெயர் பேரேட்டில் இருக்காது. நடுக்களத்துக்காரன் அந்தக் கணக்கப்பிள்ளை.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று எந்த ஊரில் போட்டி நடந்தாலும் அவனை ஆள் வைத்துக் கூட்டிப் போவார்கள். பஸ் சார்ஜ், இரண்டு வேளைச் சாப்பாடு, ஜெயித்தால் கையில் ஏதோ கொஞ்சம். எழுத்து ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டாவது வயதில் ஒரு போட்டியில் அவன் முழங்கால் திரும்பிவிட்டது. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். ஆப்பரேஷன் செய்து, பிறகு மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்தால் திரும்ப ஓடலாம் என்றும் சொன்னார். அழைத்துப் போனவர்கள் அவன் வீட்டுக்கு வந்து ஒரு சால்வையும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்து, "சீக்கிரம் வாங்க தம்பி, நீங்க இல்லாம டீமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீம் இருந்தது. அடுத்த வாரமே இருந்தது. இன்றைக்கு அவன் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் சிப்பம் எண்ணி ரசீது போடுகிறான்.

இதைக் கேட்டால் அந்தப் பெரியவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அது உள்ளூர் ஆட்டமப்பா. பெரிய ஆட்டக்காரர்களைப் பார். அவர்கள் பணத்தையா பார்க்கிறார்கள்?" என்பார். சரி, பெரிய ஆட்டக்காரர் ஒருவரையே பார்ப்போம்.

இத்தாலியில் டமியானோ தொம்மாசி என்று ஒருவர். 1974இல் வெரோனாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவரும் நடுக்களம்தான். வெரோனாக் குழுவில் தொடங்கி, 1996இல் தலைநகரத்து ரோமா குழுவுக்குப் போனார். 2001இல் ரோமா இத்தாலியின் சாம்பியன் பட்டத்தை வென்றது. பட்டத்தை உறுதி செய்த கடைசி ஆட்டம் பார்மாவோடு, 3-1. கோல் போட்டவர்கள் டோட்டி, மொந்தெல்லா, பத்திஸ்தூத்தா. தொம்மாசியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அந்த மூவருக்கும் பின்னால் ஓடிய கால்களில் அவருடைய கால்களும் இருந்தன. 2002 உலகக் கோப்பையில் இத்தாலிக்காகவும் ஆடினார்.

2004 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி குழுவோடு ஒரு நட்பு ஆட்டம். பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. அதில் அவர் முழங்கால் சிதைந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2005இல் ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தம் பேசும்போது அவர் என்ன கேட்டார் தெரியுமா? சட்டப்படி கொடுக்கக்கூடிய குறைந்தபட்சச் சம்பளம் போதும் என்றார். மாதம் 1500 யூரோ. அதே குழுவில் மற்ற நட்சத்திரங்கள் வாங்கியது கோடிக்கணக்கில்.

"பார்த்தாயா, தியாகம்!" என்று நம் பெரியவர் துள்ளிக் குதிப்பார். குதிக்கட்டும். ஆனால் அந்த 1500 எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன்.

அந்தத் தொகைக்குக் கீழே அன்றைய இத்தாலியில் எந்த முதலாளியும் அவரைப் போன்ற ஒரு தொழில்முறை ஆட்டக்காரனுக்குச் சம்பளம் பேசியிருக்க முடியாது. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1968இல் மிலான் நகரத்தில் ஆட்டக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். செர்ஜியோ காம்பானா என்ற வக்கீல் தலைவரானார். அவரும் முன்னாள் ஆட்டக்காரர். ரிவேரா, மாஸோலா போன்ற பெரிய ஆட்டக்காரர்களும் அதில் சேர்ந்து நின்றார்கள். பந்தை உதைத்துப் பிழைக்கிற காலைப் பற்றி வெட்கப்படாத நட்சத்திரங்கள்! அதுவரை அந்த ஊரில் ஓர் ஆட்டக்காரன் குழுவுக்குக் கட்டுண்டவன். குழு விட்டால்தான் வேறிடம் போகலாம். பதின்மூன்று வருஷம் போராடி 1981இல் சட்டம் வந்தது. அந்தக் கட்டு போயிற்று. தொழில்முறை ஆட்டக்காரன் ஒரு தொழிலாளி என்று சட்டம் சொல்லிற்று.

ஆகவே தொம்மாசி செய்தது தியாகம்தான். சந்தேகமில்லை. ஆனால் அவர் எழுந்து நின்று தியாகம் செய்யக் காலடியில் ஒரு தரை இருந்தது. தரையே இல்லாதவன் விழுவதற்குப் பெயர் தியாகமல்ல. இந்த வித்தியாசம் தொம்மாசிக்கே தெரிந்திருந்தது. ஆட்டத்தை விட்டபின் அவர் பிரசங்கம் செய்யப் போகவில்லை. 2011இல் அதே சங்கத்துக்குத் தலைவரானார். சில்லறைச் சம்பளக்காரர்களின் பாக்கிக்காக வழக்காடுகிற வேலை அது. 2022இல் வெரோனா ஜனங்கள் அவரைத் தங்கள் நகரத்துக்கு மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். நம்மிடம் ஒன்றுமே இருந்ததில்லை என்று சொன்னால் அது அநியாயம். சென்னையில் கால்பந்தைக் காப்பாற்றியவை ஆபீஸ் குழுக்கள்: பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள், போலீஸ். 1996இல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கிக் குழுவும் அதில் ஆடியது. காலையில் பயிற்சி, பகலில் மேஜை. அந்த ஏற்பாட்டில் பணம் குறைவு, புகழும் குறைவு. ஆனால் கால் போனாலும் மேஜை போகாது. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். நம்முடைய பழைய ஆட்டக்காரர்கள் பலர் மானத்தோடு கிழவர்களானது அந்த மேஜைகளால்தான்.

பிறகு காலம் மாறியது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. விளக்கும் வாணமும் டெலிவிஷனுமாக வந்தது. நான் அதை ஏசவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்றொரு மீனவக் கிராமம். அங்கிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் என்ற நடுக்களத்துக்காரர் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று ஆடி, 2019இல் கல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவுக்குப் போய், அடுத்த வருஷமே சாம்பியன் குழுவில் ஒருவராக நின்றார். கடற்கரை மணலில் ஓடிய காலுக்கு இப்படியொரு பாதை எங்கள் காலத்தில் கிடையாது. அதை அந்த லீக்தான் போட்டது.

2020 நவம்பர் 20. தொற்றுநோய்க் காலம். கோவாவில், ஒரு பார்வையாளர்கூட இல்லாத மைதானத்தில், பருவத்தின் முதல் ஆட்டம். ஏ.டி.கே. மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. ஆட்டம் சூடு பிடிக்குமுன்னரே சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்தப் பருவம் அவருக்கு அன்றே முடிந்தது. அன்று ஜெயித்தது அவர் குழு. ஒரே கோல், ராய் கிருஷ்ணா போட்டது. மறுநாள் தலைப்பு கோலுக்குத்தான்.

அவரை அவர் குழு எப்படி நடத்தியது என்று குறை சொல்ல நான் வரவில்லை. அவர் உச்சியில் இருந்தவர். பின்னால் ஒடிசாக் குழுவுக்கும் ஆடினார். என் கேள்வி உச்சியைப் பற்றியதல்ல, தரையைப் பற்றியது. அந்தத் தரை எவ்வளவு உறுதி என்பதை 2025 நமக்குக் காட்டிவிட்டது. லீக்கை அப்போது நடத்திய கம்பெனியும் தேசியச் சம்மேளனமும் 2010இல் பதினைந்து வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம் முடிய இருந்தது. புதுப்பிக்கப்படவில்லை. ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர்க் குழு முதல் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. தேசத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான சுனில் சேத்ரியே அப்போது ஆடிய குழு அது! ஒரு முழங்காலும் உடையவில்லை, ஒரு ஜவ்வும் கிழியவில்லை. ஒரு காகிதம் காலாவதியாகப் போயிற்று, அவ்வளவுதான். கால்கள் தெருவுக்கு வந்துவிட்டன. மேஜையை எடுத்துவிட்டோம், மேஜை இருந்த இடத்தில் தரையாவது போட்டோமா?

இங்கேயும் ஆட்டக்காரர் சங்கம் உண்டு. பாய்ச்சுங் பூட்டியா முதல் தலைவராக இருந்தார். ஆனால் ஜனங்களின் மனத்தில் ஓர் ஆட்டக்காரன் சம்பளப் பாக்கி கேட்டால் அது அசிங்கம். டாக்டர் கேட்கலாம், வாத்தியார் கேட்கலாம், சங்கீத வித்வான் முன்பணமே வாங்கலாம். பந்து விளையாடுகிறவன் மட்டும் தவம் செய்ய வேண்டும்! இந்தத் தவ வேதாந்தத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டிய பக்கத்தில் இருப்பவர்கள் என்பதை நேயர்கள் கவனித்ததுண்டா?

எங்கள் ஊருக்கு இது தெரியாத சங்கதியல்ல. தெரிந்து மறந்த சங்கதி. என் பாட்டனார் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். கொண்டுவிக்கப் போகிறவர்களை இந்த ஊர் எப்படி அனுப்பியது? சம்பளச் சீட்டு எழுதி அனுப்பியது. மூன்று வருஷக் கணக்கு. மொத்தச் சம்பளம் இவ்வளவு. அதில் வீட்டுக்கு முன்னதாகக் கொடுத்தது இவ்வளவு. பாட்டனாரின் சீட்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. அதில் நோய்க்கு ஈடு ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கடைகளின் வட்டியைப் பற்றி பர்மாக் குடியானவன் வேறு கதை சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை நாள், எவ்வளவு, யார் கொடுப்பது என்ற மூன்றும் மசியில் இருந்தன. பெட்டியடிப் பையனைக்கூட "தவம் செய்யப் போ அப்பா" என்று இந்த ஊர் கப்பலேற்றியதில்லை. நூறு வருஷத்துக்கு முன் ஓலைக்கும் எழுத்துக்கும் இருந்த மரியாதை இன்றைக்கு ஒரு பையனின் முழங்காலுக்கு இல்லையா?

விழா முடிந்தபின் வேப்பமரத்தடிக்குப் போனேன். பெரியவர் பேச்சைப் பற்றி அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் மனம் அங்கே இல்லை.

"அந்த நாலாம் நம்பர்ப் பையனைப் பாத்தியா?" என்றான். "பரிசு வாங்கினவன் இல்லப்பா, அவனுக்குப் பந்து கொடுத்துக்கிட்டே இருந்தான் பாரு, அவன். கடைசி பத்து நிமிஷமா வலது காலை ஊனாம ஆடினான். யாரும் வெளியே எடுக்கலை. வெள்ளிக்கிழமை தேவகோட்டைக்கும் கூட்டிட்டுப் போறாங்களாம்."

"நீ சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா, பொறாமையில சொல்றான்னு நினைப்பாங்க. நீ மேடையில இருந்தியே, நீ சொல்லியிருக்கலாம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே போட்டிக் குழுவாருக்கு இதன் மூலம் எழுதுகிறேன். அடுத்த வருஷமும் அழைத்தால் வருகிறேன். எனக்குச் சால்வை வேண்டாம். ஆடுகிற ஒவ்வொரு பையனுக்கும் கொடுக்கப் போகிற தொகையை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வசூலாகிற நன்கொடையில் முதல் செலவாக, கோப்பை வாங்குமுன், அத்தனை பேருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் எடுங்கள். வெளியூர் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். பந்தலும் ஒலிபெருக்கியும் சற்றுச் சிறிதானால் ஊர் மானம் போய்விடாது.

அந்த நாலாம் நம்பர்ப் பையனைத் தேவகோட்டைக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று மறுநாள் காலை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "நீங்க கதை எழுதறவங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே" என்று சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை அவன் ஆடினான்.