‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்றால் என்ன அர்த்தம்?

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி வரும். அதை அகற்றச் சொல்லிப் பல வருடங்களாகப் போராட்டம் நடக்கிறது. அந்தப் போராட்டச் செய்திகளில் ‘கண்டன ஆர்ப்பாட்டம்’ என்ற சொல் அடிக்கடி வரும். இந்த வாரம் ‘கண்டனம்’ பற்றிப் பார்ப்போமா?

இது வடமொழியிலிருந்து வந்த சொல். துண்டாக்குதல், உடைத்தல் என்பது மூலப்பொருள். ‘கண்டதுண்டமாக வெட்டினான்’ என்கிறோமே, அந்தக் ‘கண்ட’மும் இதே குடும்பம்தான். ஆசியக் கண்டமும் அப்படித்தான். அந்தக் கால வாத சபைகளில் எதிராளியின் வாதத்தைப் பிரித்துப் போட்டு, ‘இது இந்தக் காரணத்தால் தவறு’ என்று காட்டுவது கண்டனம். தன் கொள்கையை நிலைநாட்டுவது மண்டனம்.

திட்டுவதற்குத் தமிழில் வசை, ஏச்சு, நிந்தனை என்று வேறு சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காரணம் தேவையில்லை. கண்டனத்துக்குக் காரணம் வேண்டும்.

நம் நாடாளுமன்றத்திலும் இதுதான் நடைமுறை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் காரணம் எழுத வேண்டியதில்லை. அது ஒட்டுமொத்த அமைச்சரவை மீது வருவது. நிறைவேறினால் ஆட்சி போய்விடும். கண்டனத் தீர்மானத்தைத் தனி ஓர் அமைச்சர் மீதுகூடக் கொண்டுவரலாம். ஆனால், என்ன தவறு என்று அதில் குறிப்பிட்டே ஆக வேண்டும். நிறைவேறினாலும் பதவி விலகும் கட்டாயம் இல்லை.

கப்பலூருக்கு வருவோம். 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களுக்கும் கட்டணம் கேட்டபோது மறியல் நடந்தது. திருமங்கலத்தில் கடைகளை அடைத்தார்கள். ‘சுங்கச்சாவடி ஒழிக’ என்பது வெறும் கோஷம். ‘நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தாண்டித்தான் சுங்கச்சாவடி அமைய வேண்டும் என்று 2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் சொல்கின்றன. திருமங்கலம் நகராட்சிக்கு இவ்வளவு பக்கத்தில் ஏன்?’ என்று கேட்டால் அது கண்டனம். அந்த விதியிலேயே விலக்குகளும் உண்டு. அப்படியென்றால், எந்த விலக்கின்படி அமைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு பதில் சொல்ல வேண்டிவரும். கோஷத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ‘வன்மையாக’ என்பதற்கு றன்னகரம்தான். வன்மை என்றால் வலிமை; ‘வண்மை’ என்றால் வள்ளல்தன்மை! ‘வண்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று போஸ்டர் அடித்தால், தாராள மனதோடு கண்டிப்பதாக ஆகிவிடும். இரண்டு, எதைக் கண்டிக்கிறோம் என்பதை எழுத மறக்கக் கூடாது. ‘நிர்வாகத்தைக் கண்டித்து’ என்பதைவிட, ‘உள்ளூர் வாகனங்களுக்குக் கட்டணம் வசூலிப்பதைக் கண்டித்து’ என்பது தெளிவு.

உங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதும்போதும் இதே கணக்குதான். எத்தனை நாளாக வரவில்லை, யார் பொறுப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிட்டு, கடைசியில் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று தாராளமாகப் போடுங்கள்.