'போல' எங்கே போயிற்று?

இங்கிலீஷில் 'இஷ்' என்று ஒரு வால் உண்டு. சிவப்பும் இல்லை, சிவப்பு இல்லாமலும் இல்லை என்றால் 'ரெட்டிஷ்'. பச்சையா நீலமா என்று நிச்சயிக்க முடியாத புடவையை விரித்துப் போட்டு, "கிரீனிஷ் புளூ, அம்மா" என்று கடைக்காரர் தப்பித்துக் கொள்வது இந்த வாலைப் பிடித்துக் கொண்டுதான். ஆதியில் இது தேசத்துக்கு உரிய வால்; இங்கிலீஷ், ஸ்பானிஷ் என்கிறோமே, அதே 'இஷ்'. பிற்பாடு நிறத்தில் ஒட்டிக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் கடிகாரத்தையும் பிடித்துக் கொண்டது. 'செவனிஷ்' வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஏழரைக்கு முன்னால் காப்பி கலந்து வைக்க வேண்டாம்!

நமக்கும் இந்த ஜாதிச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஏறக்குறைய, கிட்டத்தட்ட, ஏழு மணி வாக்கில், மாதிரி, போல, சுமார். கடைசியில் சொன்ன 'சுமார்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு எண்ணிக்கை என்று அர்த்தம். எண்ணிக்கையைக் குறிக்க வந்த சொல்லை, எண்ணாமலே சொல்வதற்கு நாம் வைத்துக் கொண்டோம். போதாக்குறைக்கு, "ரசம் சுமார்தான்" என்று மருமகளின் சமையலுக்கு மார்க் போடுவதும் அதைக் கொண்டுதான்.

வாலுக்கு என்ன பெரிய மதிப்பு என்று கேட்பவர்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நடந்ததைக் கேட்க வேண்டும்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. பார்வைக்கு முட்டை போலவே இருந்தன. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள் அந்தப் 'போல' எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. 'டைனோசர் முட்டை' ஆகிவிட்டது! செல்போன்களில் படம் பறந்தது. ஊர் ஜனங்களைக் கேலி செய்வதற்கில்லை. 2009-ல் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்று சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களே அறிவித்திருந்தார்கள். காது அதற்குத் தயாராக இருந்தது.

நிபுணர்கள் குன்னத்துக் கற்களைப் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் படிவம் என்றார்கள். அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. கணவாய்க்குத் தூரத்து உறவு. கடலடிச் சேற்றில் புதைந்த ஓட்டையோ எலும்பையோ சுற்றித் தாதுக்கள் இறுகி உருண்டையாவது உண்டு. பெரம்பலூரில் கடலா என்று வியக்காதீர்கள். டைனோசர்கள் இருந்த காலத்தில் அந்தச் சீமை வரையில் கடல் இருந்தது. அரியலூரில் இத்தனை சிமெண்டு ஆலைகள் இருப்பதும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லினால்தான். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட் புதிதல்ல. கண்டகி நதியில் கிடைக்கும் அந்தச் சக்கரம் பதிந்த கல் அதன் படிவமே. நாம் அதில் சக்கரத்தைக் கண்டோம். மேல்நாட்டார் ஆட்டுக் கொம்பைக் கண்டு, ஆட்டுக் கொம்புள்ள எகிப்திய தெய்வமான அம்மோன் பெயரை வைத்தார்கள். இரண்டும் 'போல'தான்.

'போல'வை விழுங்குவது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. பள்ளிக்கூடத்தில் உவமைத்தொகை படித்தோமே! தொடர்கதை நாயகிக்குப் பவளவாய் என்றால், பவளம் போன்ற வாய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தராசில் வைப்பதில்லை. செய்தியில் விழுங்கினால்தான் வம்பு. அதே 'போல்' என்ற வேரிலிருந்துதான் 'போலி'யும் முளைத்திருக்கிறது. இங்கிலீஷில் உருவத்தில் ஒத்ததைச் சொல்ல 'ஆய்டு' என்று ஒரு கிரேக்க வால் இருக்கிறது. நட்சத்திரம் போலத் தெரிந்தவற்றுக்கு 1802-ல் வில்லியம் ஹெர்ஷல் 'ஆஸ்டராய்டு' என்று பெயரிட்டார். 1973-ல் நார்மன் மெய்லர் அதே வாலை உண்மைக்கு ஒட்டி 'ஃபாக்டாய்டு' என்றார். உண்மை போலவே இருக்கும், உண்மையாக இராது. குன்னத்து முட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பண்டிதர்கள் இதில் ஜாக்கிரதைக்காரர்கள். படிவம் இன்ன இனம் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், பெயருக்கு நடுவில் 'ஸி.எஃப்.' என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். 'ஒப்பிட்டுப் பார்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பொருள் கையில் இருக்க வேண்டுமே! அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளைப் பற்றி 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் எழுதினார்கள். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர்! 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் மாமிச பட்சிணி வகை என்றார்கள். பின்னால் வந்தவர்கள் இலை தழை தின்னும் வகை என்றார்கள். எலும்புகளோ பாதுகாக்கும் முன்பே பொடிப்பொடியாக உதிர்ந்து போயின. பல வருஷங்கள் கோட்டுப் படங்கள்தான் மிச்சம். எலும்புதானா, எலும்பு போல இருந்த கல்மரமா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகு சந்தேகம் பெரும்பாலும் தணிந்தது. ஆனாலும் உலகத்திலேயே மிகப் பெரிய பிராணி இதுவா என்ற கேள்விக்கு, 'இருக்கலாம் போல' என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. அளந்து பார்க்க அந்தக் கால் எலும்பு இல்லையே!

அந்தச் சீமையில் 'போல' வேண்டாத பொருளும் ஒன்று உண்டு. பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது கல்மரம். புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். மரம் போன்ற கல் அல்ல அது. மரமாகவே இருந்து கல்லானது. குழந்தைகளை அழைத்துப் போனால் தைரியமாக "மரம்" என்றே காட்டலாம். வயதைக் கேட்டால் மட்டும் 12 கோடி என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். முன்னால் ஒரு 'சுமார்' போட்டுச் சொல்லுங்கள். அந்தச் 'சுமார்' ஒன்றுக்குள்ளேயே எத்தனையோ லட்சம் வருஷம் அடங்கியிருக்கிறது.