வீதி வந்தது, வாழ்வு வரவேண்டாமா?

கிழக்கில் போர் ஓய்ந்த 2007ஆம் ஆண்டிலேயே 'கிழக்கின் உதயம்' என்ற அபிவிருத்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. வீதிகள் அகலமாயின. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு, படுவான்கரை மக்கள் துறையில் பாதைக்காகக் காத்துக் கிடந்த காலமும் முடிந்தது. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே வீதியால் நமது நெல்லில் பெரும்பங்கு நெல்லாகவே வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. அரிசியாகத் திரும்பி வரும்போது அதை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை, வயலில் மிஞ்சிய வைக்கோலையே மூலப்பொருளாக்கியது. விளைச்சலுக்கு அருகிலேயே வேலையும் பிறக்கவேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஒரு பிரதேசத்துக்கான திட்டம் அதன் நீரோட்டத்தைப் பின்பற்றவேண்டும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி குளங்களின் நீர் வயல்களுக்குப் பாய்ந்து, வடிந்து, வாவியில் சேர்கிறது. கல்லோயாத் திட்டத்தின் வடிகால் நீரும் தெற்கிலிருந்து வருகிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது; தண்ணீர் அந்த எல்லையை அறியாது. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை வெட்டத் தாமதித்தால் வயல் அழியும். காலம் பாராது வெட்டினால் மீன்பிடி பாதிக்கும். 2011 சனவரி வெள்ளம் பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விவசாயியும் மீனவரும் ஒரே மேசையில் இருந்து பேசாத திட்டம் அரைத் திட்டமே.

மாடுகளையும் மறக்கலாகாது. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்ப்பது நம் வழக்கம். அந்த மேய்ச்சல்தரை பறிபோவதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மேய்ச்சல்தரை சுருங்கினால் மாடு வயலுக்குள் இறங்கும். அயலவர்க்குள் பகை மூளும்.

இடம்பெயர்ந்த நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. திட்டங்கள் காணிக்காரரைக் கணக்கெடுக்கின்றன. அனுமதிப்பத்திரத்தை ஓட்டத்தில் தொலைத்தவர், குத்தகைக்குச் செய்தவர், கணவனை இழந்து தனியே வயல் பார்க்கும் பெண் ஆகியோர் எந்தப் பட்டியலில் வருவர்? பட்டியலில் இல்லாதவருக்கு மானியமும் இல்லை, கடனும் இல்லை.

ஆகவே அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு விதைப்புத் திகதியை மட்டும் கேட்கப் போகாதிருப்போம். நெல்லைக் குற்றி விற்கக் கூட்டுறவு ஆலை எங்கே? மேய்ச்சல்தரைக்கு எல்லை எப்போது? காணிப் பத்திரம் இழந்தவர்களின் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது? இம்மூன்றையும் எழுத்தில் கொடுப்போம்; பதிலையும் எழுத்திலேயே கேட்போம். இருபது ஆண்டுக்கான திட்டத்தில் நமது பெயர் இன்றே எழுதப்படவேண்டும்.