ஏரிக்கரையில் காத்திருப்போர்

ஸ்காட்லாந்து நாட்டில் ஏரியை 'லாக்' என்று அழைப்பர். சிறியதும் பெரியதுமாக 30,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே உள்ளன. மலையிடுக்கில் கறுத்து ஆழ்ந்து கிடப்பவை சில. நம் ஊர்ப் பெரிய கண்மாய்களைப்போல் ஆழமின்றிப் பரந்து கிடப்பவை சில. ஓய்வு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவ்வேரிகளுக்குச் சென்று பறவைகளைப் பார்த்து வருவது அந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். தூண்டில் இல்லை, துப்பாக்கி இல்லை. கழுத்தில் ஒரு பைனாகுலர், பையில் சூடான தேநீர்க் குடுவை, நான்கு துண்டு ரொட்டி, அவ்வளவே. மணிக்கணக்கில் குளிரில் குந்தியிருந்து பறவையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வாசகர்கள் இருப்பர். அவர்களுக்காகவே இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

நாம் அந்நாட்டில் தங்கியிருந்த நாட்களில், வெவ்வேறு பருவங்களில் இவ்வேரிகளுக்குச் சென்றதுண்டு. முதலில் சொல்லத்தக்கது கின்ராஸ் நகரை அடுத்துள்ள லீவன் ஏரி. அதன் ஒரு தீவிலுள்ள கோட்டையில்தான் ஸ்காட்லாந்து அரசி மேரி 1567-ஆம் ஆண்டு சிறை வைக்கப்பட்டு, மறு ஆண்டு மே மாதத்தில் தப்பினார். மற்றொரு தீவு புனித செர்ஃப் பெயரால் வழங்குவது. முன்னாளில் துறவியர் மடம் அங்கே இருந்தது. இன்று அத்தீவில் செபிக்கத் துறவியர் இல்லை. ஆயின் கோடையில் புல்லிடை எங்கும் வாத்துகள் கூடு வைத்து அடைகாக்கின்றன. அரசியின் கோட்டையைப் பார்க்கப் படகேறுவோரைவிட, வாத்துகளைப் பார்க்கக் கரையிலேயே நின்றுவிடுவோரை நாம் அதிகம் மதிக்கிறோம். வரலாற்று ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

லீவன் ஏரிக்குச் செல்லத்தக்க காலம் இலையுதிர் காலம். செப்டம்பர் நடுவில், ஐஸ்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால்களையுடைய காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் திறந்த கடல்.  இரவெல்லாம் ஏரி நீரில் தங்கி, விடியலில் வயல்களுக்கு மேயப் புறப்படும். அக்டோபர்க் காலை ஒன்றில், விடியுமுன்னரே மரத்தாலான மறைவுக் குடிலில் அமர்ந்திருந்தோம். சுவரில் கையகலத் திறப்பு. அதன் வழியே இருளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகு நீர்மேல் ஒரு முணுமுணுப்பு. திருவிழாக் கொடியேற்றத்திற்குக் காத்து நிற்கும் கூட்டத்தின் ஓசை போன்றது. வானம் வெளுக்கத் தொடங்கியதும் ஒரு பகுதி எழுந்தது. அடுத்து மற்றொரு பகுதி. சற்றைக்கெல்லாம் தலைக்குமேல் வரிவரியாக அவை போய்க்கொண்டே இருந்தன. அருகில் இருந்த ஒரு சிறுவன் எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் கைவிட்டான். பயிரை மேய்ந்துவிடும் இவ்விருந்தினர்மேல் உழவர்களுக்கு அத்துணை அன்பு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

குளிர்காலத்தில் அன்னங்கள். நம் புலவர்கள் அன்னத்தைப் பாடிய அளவுக்கு நம்மில் எவரும் அதனைக் கண்டதில்லை. ஐஸ்லாந்திலிருந்து வரும் கூவும் அன்னம், மஞ்சளும் கறுப்புமான அலகோடு, வெண்மையாய் நீரில் மிதக்கிறது. அதனருகே சாம்பல் நிறத்தில் இரண்டோ மூன்றோ இருந்தால் அவை அவ்வாண்டுக் குஞ்சுகள். தாயும் தந்தையும் உடன் பறந்து வந்து, குளிர்காலம் முழுதும் அவற்றோடு இருந்து, மேயும் இடத்தையும் திரும்பும் வழியையும் பழக்குகின்றன. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் அந்நாட்களில், உறைபனிக் கரையில் இக்குடும்பத்தைப் பார்த்து நிற்பதற்கு நம்மைப் போன்ற வெப்பநாட்டவர்க்கு இரண்டு கம்பளிச் சட்டையும் சிறிது பிடிவாதமும் தேவை.

வாத்துகள் வடக்கே புறப்படும் ஏப்ரல் மாதத்தில் தெற்கிலிருந்து வேறொரு பறவை வந்து சேர்கிறது. நாம் விராலடிப்பான் என்று அழைக்கும் மீன்பிடிப் பருந்துதான் அது. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் பறந்து, சென்ற ஆண்டு வைத்த அதே கூட்டுக்குத் திரும்புகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனியே போய்த் தனித்தனியே வருகின்றன. சேருமிடம் கூடு ஒன்றே. இப்பறவையைப் பற்றித்தான் நாம் விரிவாக எழுத விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைச் சுட்டுப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், முட்டைகளைச் சேகரிப்பதும் செல்வர்தம் பொழுதுபோக்காக இருந்தன. பறவை அரிதாக ஆக, முட்டைக்கு மதிப்பு ஏறிற்று; மதிப்பு ஏற ஏறப் பறவை மேலும் அரிதாயிற்று. 1916-ஆம் ஆண்டோடு ஸ்காட்லாந்தில் இப்பறவை கூடு வைப்பது நின்றுபோனதாகக் கருதப்பட்டது. பின்னர் 1954-இல், அபர்நெத்திக் காட்டிலுள்ள கார்ட்டன் ஏரியருகே ஓர் இணை தானாகவே வந்து சேர்ந்தது. பறவைப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் இயற்றப்பட்டது. பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கத்தார் கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லாமல் மறைத்து, இராப்பகலாகக் காவல் காத்தனர். எனினும் 1958 ஜூன் மாதத்து இரவு ஒன்றில், காவலிருக்கும்போதே, இருளில் ஒருவன் மரமேறிவிட்டான். மரத்தடியில் பருந்தின் முட்டைகள் உடைந்து கிடந்தன. கூட்டிலோ, காலணிக்குப் பூசும் பழுப்பு மையைத் தடவிய கோழி முட்டைகள் இருந்தன! திருடன் அகப்படவில்லை.

இத்தகைய நிலையில் நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? காவலை இரட்டிப்பாக்கி, மதிலெழுப்பி, ஒருவரையும் அண்டவிடாது செய்திருப்போம். சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் நேர்மாறாகச் செய்தார். இவர் இரண்டாம் உலகப் போரில் 1941-இல் கிரேத்தா தீவில் பிடிபட்டு, ஜெர்மானியரின் கைதி முகாமில் இருந்தபோதே, ஃபேர் என்னும் தீவில் பறவை ஆய்வு நிலையம் அமைக்கத் திட்டம் வகுத்தவர். பின்னர் அதனை அமைத்தும் காட்டியவர். 1959-இல் பருந்துகள் மீண்டும் வந்தபோது, கூடு இருக்கும் இடத்தை நாடறிய அறிவித்து, தொலைவில் ஒரு குடிலமைத்துத் தொலைநோக்கிகளை வைத்து, வந்து பாருங்கள் என்று மக்களை அழைத்தார். அந்த ஒரு பருவத்தில் 14,000 பேர் வந்தனர். மூன்று குஞ்சுகள் அவ்வாண்டு கூட்டைவிட்டுப் பறந்தன.

மறைத்துக் காத்தபோது திருடனுக்கு எதிரே நின்றவர் சிலரே. திறந்து காட்டியபின் பல்லாயிரவர் அப்பறவைக்கு உறவினராயினர். இதனைச் சட்டம் மட்டும் செய்திருக்க இயலாது என்பது நம் கருத்து. வந்தவர்களுள் பெரும்பாலோர் பறவை நூல் எதனையும் படித்தவரல்லர். குழந்தைகளோடு வந்து, வரிசையில் நின்று, தந்தைப் பருந்து மீனோடு வருவதையும், தாய் அதனைக் கிழித்துக் குஞ்சுக்கு ஊட்டுவதையும் ஒரு நிமிடம் பார்த்துச் சென்றவர்கள். இன்று ஸ்காட்லாந்தில் 200-க்கும் மேற்பட்ட இணைகள் கூடு வைக்கின்றன.

ஆகஸ்டில் தாய் முதலில் புறப்பட்டுவிடும். தந்தை சில நாட்கள் தங்கி மீன் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு குஞ்சு, வழிகாட்டி ஒருவருமின்றி, முன்பின் கண்டிராத ஆப்பிரிக்காவை நோக்கித் தனியே பறக்கிறது. முதல் ஆண்டைக் கடவாதவை பல. பிழைத்தவை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்புகின்றன. அன்னத்தின் பிள்ளை வளர்ப்பு ஒரு விதம், பருந்தினது வேறு விதம். பிள்ளையை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்திற்குக் காத்திருக்கும் தாய்மார் எதற்குப் பரிவு காட்டுவர் என்பது நமக்குத் தெரியும்.

பறவைக்காகக் கரையில் காத்திருப்பது அந்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. அயர்லாந்தில் பிறந்து, 563-ஆம் ஆண்டு தாய்நாட்டைவிட்டு அயோனா தீவுக்கு வந்து மடம் நிறுவியவர் புனித கொலம்பா. அம்மடத்தின் ஒன்பதாம் தலைவரான அடம்னான், அவரது வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். புனிதர் ஒருநாள் துறவி ஒருவரை அழைத்து, மூன்றாம் நாள் மேற்குக் கரையில் சென்று காத்திருக்கப் பணித்தார். அயர்லாந்திலிருந்து ஒரு பெருங்கொக்கு காற்றில் அலைக்கழிக்கப்பட்டுக் களைத்து வந்து விழும். அதனை அருகிலுள்ள வீட்டுக்கு எடுத்துச் சென்று மூன்று பகலும் மூன்று இரவும் உணவூட்டிப் பேணுக. தெளிந்தபின் அது தங்காது, ஊருக்குத் திரும்பிவிடும் என்றார். அவ்வாறே நடந்தது. கொக்கை வைத்துக்கொள்ள வேண்டுமென்றோ, கூண்டிலிட வேண்டுமென்றோ அவர் கூறவில்லை. தாம் திரும்பிச் சென்று வாழாத நாட்டுக்கு அதனை அனுப்பிவைத்தார்.

இது நம் வயலில் நிற்கும் வெண்கொக்கு அன்று. ஆளின் மார்பளவு உயரமுடைய சாம்பல் நிறப் பறவை. புனிதரின் விருந்தாளியைப் பிற்கால மக்கள் விருந்துக்குக் கறியாக்கினர். அது வாழ்ந்த சதுப்பு நிலங்களையும் நீர் வடித்து உழுதனர். ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகள் இது கூடு வைக்கவில்லை. 2012-இல் வடகிழக்குப் பகுதியில் மீண்டும் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. அங்கே இன்னும் சில இணைகளே உள்ளன.

விராலடிப்பானைக் காண நம் வாசகர்கள் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஸ்காட்லாந்துப் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. வடக்கிலிருந்து வேறு சில குளிர்காலத்தில் நம்மிடம் வருகின்றன. பழவேற்காடு ஏரியிலும், நம் நீர்த்தேக்கங்களிலும், கழிமுகங்களிலும் கார்த்திகை முதல் மாசி வரை தேடலாம். வெண்ணிறத் தலை, கண்ணின் குறுக்கே கரிய பட்டை, பறக்கும்போது மணிக்கட்டில் மடிந்த நீண்ட சிறகு. நீருக்கு மேலே நின்றபடி சிறகடித்து, கால்களை முன்னே நீட்டிப் பாய்ந்து மூழ்கும். எழுந்ததும் நாய்க்குட்டிபோல் உடலை உதறும். மீனைத் தலை முன்னாக இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் ஐயமே வேண்டாம், அதுதான். பிள்ளைகளிடம் முதலில் அந்த மீனைப் பார்க்கச் சொல்லுங்கள்.