ஒரே துடிப்பு

2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் நாட்டின் வடக்கும், அடுத்துக் கிழக்கும் வடகிழக்கும் இருளில் மூழ்கின. தெற்கில் விளக்குகள் எரிந்தன. பிரிந்திருந்ததால் பிழைத்தோம், பின்னர் இணைந்தது பேதைமை என நம் தோழர் சிலர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் ஆராயத்தக்கது.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பீன்யாப் பட்டறையிலுள்ள நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுழல்வது அதனாலேயே. அதிர்வெண் 49 ஆயின் அது 1470 ஆகக் குறையும். ஒரே வலையில் இணைந்த மின்னாக்கிகள் யாவும் அடி பிறழாது ஒன்றாகச் சுழலல் வேண்டும்.

இம்மாநிலம் தொடக்கத்தில் தனிவழி சென்றது. 1902இல் சிவசமுத்திரத்தில் பிறந்து, தமிழர் திரளாக உழைத்த கோலார் தங்கவயலை அடைந்த மின்சாரம் 25 சுழற்சியுடையது. 1937இல் மேட்டூரில் பிறந்ததோ 50. ஒரே காவிரி, ஆயினும் இரண்டும் நேரே கலத்தல் இயலாது.

பின்னர் எங்கும் 50 ஆயிற்று. எனினும் தெற்கின் துடிப்பு வேறு, வடக்கின் துடிப்பு வேறு. 2003இல் அமைந்த தால்ச்சர்–கோலார் போன்ற நேர்மின் இணைப்புகளே பாலமாயின. அப்பாலம் மின்சாரத்தைக் கடத்தும், துடிப்பைக் கடத்தாது. 2012இல் நம்மைக் காத்தது அதுவே. ஆனால் தால்ச்சர் மின்சாரம் நின்றதும் தெற்கின் அதிர்வெண்ணும் சரிந்ததை மறத்தல் தகாது.

அன்றியும், அதே ஆண்டில் தமிழ்நாடு மின்வெட்டால் வாடிற்று. கோவைப் பட்டறைகள் பல மணி நேரம் ஓய்ந்து கிடந்தன. வடக்கில் மின்சாரம் வாங்கக் கிடைத்தும், கொண்டுவரப் போதிய வழியில்லை. இரு நாள் காப்புக்கு நாம் கொடுத்த விலை இது!

2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இரு துடிப்பையும் ஒன்றாக்கிற்று. ஆடிக்காற்றில் முப்பந்தலில் மிகும் மின்சாரத்தை வடக்கே அனுப்பவும், குறையுங்கால் பெறவும் வழி அகன்றது.

ஓரிடத்துப் பழுது எங்கும் பரவுமே எனும் அச்சம் பொய்யன்று. ஆனால் 2012இன் கேட்டிற்கு, சில மாநிலங்கள் தம் பங்கிற்கு மேல் இழுத்ததும் ஒரு காரணமன்றோ? அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்க விதி உண்டு. அவ்விதியை எல்லா மாநிலமும் மதிக்கச் செய்வதே மருந்து, மீண்டும் பிரிவதன்று. மின்சாரம் பயிலும் நாம் கேட்க வேண்டியது அக்கட்டுப்பாட்டையே.