காதுக்கு எட்டாத கணக்கு

ஐம்புலன்களுள் எளிதில் ஏமாறுவது எது என்று கேட்டால், கண் என்றே பலரும் விடை பகர்வர். காதும் அதற்குச் சளைத்ததன்று என்பதை அண்மையில் ஒரு ஞாயிறன்று நாம் அனுபவத்திற் கண்டோம்.

நம் நண்பர் ஒருவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவருடைய பெறாமகன், கனத்த அலுமினியப் பெட்டி ஒன்றை உடன் கொண்டுவந்திருந்தான். 'டாக்' என்பது அதன் பெயர். இறுவட்டிலும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் சங்கீதம் வெறும் இலக்கங்களாகவே உறைகின்றது. அவ்விலக்கங்களை மின்னலையாக மாற்றி அம்பிளிபயருக்கு அனுப்பும் கருவியே டாக். பாட்டுக் கேட்கும் கருவி ஒவ்வொன்றினுள்ளும் இது சிறு சில்லாக இருக்கவே செய்யும். ஒலியின் தரத்தை உயர்த்த விழைவோர் இதனைத் தனிப் பெட்டியாக வாங்குகின்றனர். அந்தப் பெட்டியின் விலை 5,000 அமெரிக்க டொலர்.

இளைப்பாறியபோது கிடைத்த தொகையிலிருந்து அத்தகைய ஒன்றை வாங்கிவிடுவது என்று நண்பர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். அதற்கு ஆடம்பரம் காரணமன்று. அவருடைய தந்தையார் 1979இல் வீட்டு விறாந்தையில் அமர்ந்து தேவாரம் பாடியதைப் பதிந்த ஒரு கசற் அவரிடம் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். ஆனால், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கியிருந்தது. "ஐயாவின் குரலை ஒருதரமாவது தெளிவாய்க் கேட்க வேண்டும்" என்றார். தேநீர் கொணர்ந்த அவருடைய மனைவியார், "குசினிக் கூரை இந்த மாரிக்குத் தாங்காது" என்று மட்டும் கூறிச் சென்றார்.

முதலில், கைத்தொலைபேசியில் செருகும் பத்து டொலருக்குட்பட்ட சிறு வடம் ஒன்றின் வழியாகப் பாட்டுக் கேட்டோம். அதன் நுனியிலும் ஒரு டாக் உண்டு. பின்னர் பெரிய பெட்டி பாடிற்று. என்ன வேறுபாடு! குரல் நிமிர்ந்து நின்றது. மிருதங்கம் அறையை நிறைத்தது. நாமும் தலையசைத்தோம். ஆயினும், பாட்டு முடிந்தபின் ஓர் ஐயம் எழுந்தது. சிறு வடத்தின் வெளியீடு 1 வோல்ற். பெட்டியின் வெளியீடு 2 வோல்ற். அஃதாவது, பெட்டி 6 டெசிபெல் உரத்துப் பாடிற்று. சற்றே உரத்து ஒலிப்பதைத் தெளிவு என்றும் இனிமை என்றும் கொள்வது நம் காதின் இயல்பு.

இக்கருவி செய்யும் வேலை யாது என்பதை இங்கே சிறிது நோக்குவோம். 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது, ஒலியலையைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பது என்று விதித்தனர். புள்ளிகளுக்கிடையே உள்ள ஒலி தொலைந்து போகுமே என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டியதில்லை. அளக்கும் வேகத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வு ஒலியில் இல்லாவிடின், அப்புள்ளிகள் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் என்பது 1949இல் குளோட் ஷனன் தம் கட்டுரையில் நிறுவிக் காட்டிய கணக்கு. புள்ளிக் கோலத்தைப் பல விதமாய் இழுக்கலாம். இந்தக் கோலத்துக்கோ ஒரே இழைதான். அந்த இழையைப் பிசகின்றி இழுப்பதே டாக்கின் கடமை. மனிதச் செவி கேட்பது செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையில். அறுபதைக் கடந்தோருட் பலருக்கு 12,000இற்கு மேல் எட்டுவதில்லை.

அமெரிக்காவில் மேயர், மொறன் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. உயர்தரப் பதிவுகளை ஒலிக்கச் செய்து, இறுவட்டின் அளவில் இலக்கமாக்கி மீண்டும் அலையாக்கும் சுற்று ஒன்றை இடையே நுழைத்தும் நீக்கியும் கேட்கச் செய்தனர். 554 தடவை சோதித்ததில் சரியான விடை நூற்றுக்கு 49.8. நாணயம் சுண்டியிருந்தாலும் இதுவே கிடைத்திருக்கும். ஆனால், வேறுபாடே கேளாது என்று அடித்துச் சொல்வதும் நேர்மையாகாது. இலண்டன் பேராசிரியர் ஜோஷுவா றீஸ் 2016இல் 18 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, உயர்தரப் பதிவை இறுவட்டுத் தரத்திலிருந்து கேட்போர் பிரித்தறிவது நூற்றுக்கு 52.3 என்று கண்டார். பயிற்சி பெற்றோர் அதனினும் சிறப்பாக அறிந்தனர். வேறுபாடு இருக்கலாம், அது மயிரிழையளவு.

நண்பர் கணித ஆசிரியரன்றோ? நாம் ஐயத்தைக் கூறியதும் சோதனைக்கு உடன்பட்டார். 1,000 அதிர்வுள்ள ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, இரண்டு கருவிகளையும் நூற்றில் ஒரு பங்குக்குட் சமப்படுத்தினோம். பேத்தி திரைக்குப் பின் நின்று, நாணயம் சுண்டி, ஏதேனும் ஒன்றை இயக்கினாள். 16 தடவை கேட்டு, எது பாடுகின்றதென எழுத வேண்டும். அவற்றுள் 12 சரியானால் அது வெறும் ஊகமன்று எனலாம். ஊகத்தால் அத்தனை வருவது நூற்றில் நான்கு தடவைக்கும் குறைவு. நண்பருக்கு ஒன்பது சரி, பெறாமகனுக்கு ஏழு, நமக்கு எட்டு. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பெறாமகன் முகம் வாடினான். அவனைத் தேற்றுவது எமக்குப் பெரும்பாடாயிற்று.

விலையுயர்ந்த டாக் ஏமாற்று வேலை என்று நாம் கூற வரவில்லை. உறுதியான உடல், வழுவழுப்பான திருகு, பல துணைக்கருவிகளை இணைக்கும் வாய்கள், பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. அவற்றை விரும்பி வாங்குவோர் வாங்கலாம். ஆனால், அவை கைக்கும் கண்ணுக்கும் உரியவை என்பதை உணர்ந்து வாங்குதல் நன்று.

வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியவை சில உள. நம்மிடமுள்ள கருவிகளுக்கு ஏற்ற வாய்கள் அதில் உண்டா? அம்பிளிபயருக்குப் போதிய 2 வோல்ற் வெளியீடு உண்டா? பாட்டின்றி ஒலியளவை உயர்த்தி, ஒலிபெருக்கியருகே காதை வைத்தால் இரைச்சல் கேட்கின்றதா? கணினியிலிருந்து மின்வழியே வரும் இரைச்சலாயின், ஒளிவடத்தால் இணைப்பது அதனை அறுக்கும். வீட்டுக்குக் கொண்டுசென்று, ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டபின் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் இசைவாரா? இவற்றுக்குப் பின் மிஞ்சும் பணத்தை ஒலிபெருக்கிக்கும் அறைக்கும் செலவிடுக. நல்ல ஒலிபெருக்கியிலும் ஆழ்ந்த சுரங்களில் நூற்றில் ஒரு பங்கு வரை சிதைவு எழும். மலிவான நல்ல டாக்கில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. வெறுஞ் சீமெந்துத் தரையில் ஒரு கம்பளமும் சுவரருகே ஒரு கனத்த திரையும் செய்யும் நன்மையை எந்தப் பெட்டியும் செய்யாது.

தந்தையாரின் குரல் என்னாயிற்று என்று வாசகர் கேட்பர். டாக் தன்னிடம் வந்த இலக்கங்களையே பாடும், வாராததைப் படைக்காது. குறை இருந்தது கசற்றை இலக்கமாக்கிய இடத்தில். அழுக்கேறிய கசற் கருவியில் ஓட்டி, கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியாற் பிடித்திருந்தனர். நாடாவைப் படிக்கும் தலை சிறிது சரிந்திருந்தாலும் மெல்லிய ஒலிகள் மறைந்துவிடும். எனவே, நல்ல கருவி ஒன்றை இரவல் பெற்று, தலையைத் துடைத்து, அதன் சரிவை அந்நாடாவுக்கு ஏற்பத் திருத்தி, நேரே வடத்தால் இணைத்து மீண்டும் பதிந்தோம். ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் விதந்துரைப்பதற்கிணங்க, செக்கனுக்கு 48,000 அளவு, 24 பிற் என்ற கணக்கிற் பதிந்து, இரு படிகள் எடுத்து வைத்தோம்.

அன்று மாலை அந்தச் சிறு வடத்தின் வழியாகவே தேவாரம் கேட்டோம். பாட்டுக்கு முன் அப்பெரியவர் மூச்செடுப்பதும், விறாந்தைப் பலகை கிறீச்சிடுவதும் கேட்டன. நண்பர் கண்களை மூடிக்கொண்டார். மறுவாரம் கூரைக்கு ஓடு வந்திறங்கியது.

நாடா மூப்படையும், காந்தப் பூச்சு உதிரும். நேயர்கள் வீட்டிலும் இத்தகைய கசற் ஒன்று அலுமாரியில் உறங்கக்கூடும். புதுப் பெட்டிக்கு விலை கேட்கு முன், அதனை எழுப்பிவிடுங்கள்.